ஆர்கேடு ஆட்டங்கள் தோற்பவருக்கு ரகசியமாகக் கைகொடுத்தது சரியா?

நான்காம்கியர்

காசு போட்டு ஆடும் ஆர்கேடு மெஷின்களில் வந்த என்பிஏ ஜாம் என்ற கூடைப்பந்து ஆட்டத்தில் பெரிய முன்னிலையோடு கடைசிக் கால் பகுதிக்குள் போனவர்களுக்கு இது தெரிந்திருக்கும். அதுவரை எங்கிருந்து எறிந்தாலும் விழுந்த பந்து, திடீரென்று வளையத்தில் பட்டுத் தெறிக்க ஆரம்பிக்கும். எதிரணியோ பாதி மைதானத்திலிருந்து எறிந்தே புள்ளி எடுக்கும். மணி அடிக்கும்போது வித்தியாசம் ஒன்றோ இரண்டோதான்.

இது துரதிர்ஷ்டம் இல்லை, நிரல். 1993இல் மிட்வே அந்த ஆட்டத்தைக் கொண்டுவந்தபோதே, பின்தங்கியவருக்கு உதவும் கணக்கை உள்ளே எழுதி வைத்திருந்தார்கள். பிறகு வீட்டு கன்சோல்களுக்கு வந்தபோது, அந்த உதவியை நிறுத்திவைக்க மெனுவில் ஒரு தேர்வும் இருந்தது.

இதை 'மோசடி' என்று திட்டுபவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். என் கட்சி வேறு. ஆர்கேடில் ஒவ்வொரு கால் பகுதிக்கும் தனியாகக் காசு போட வேண்டும். முதல் பகுதியிலேயே இருபது புள்ளி பின்தங்கியவர் இரண்டாவது காசைப் போடுவாரா? எழுந்து போய்விடுவார். அவர் போனால் ஜெயித்தவருக்கும் ஆட ஆள் இல்லை. ஆக, அந்த உதவி தோற்பவருக்கு மட்டும் செய்ததில்லை, இரண்டு பேருக்கும் செய்தது. கடைசிப் பத்து வினாடியில் நாலு பேர் சேர்ந்து கத்தும் அந்தக் கூச்சலுக்காகத்தானே அந்த ஆட்டத்தை ஆடினோம்? அது தானாக வரவில்லை.

பந்தய ஆட்டங்களிலும் இதே கதைதான். டேடோனா யுஎஸ்ஏ முதல் சுற்றில் நம் திறமையை எடைபோட்டு, மற்ற கார்களின் வேகத்தை அதற்கேற்ப வைத்துக்கொள்ளும். நீங்கள் எந்தப் பக்கம்?

இரவுஓட்டி

எதிர்ப் பக்கம். முழுசாக.

அவுட் ரன் 1986. பின்தங்கியவனைத் தூக்கிவிடுவதும் இல்லை, முந்தியவனை இழுப்பதும் இல்லை. முன்னால் போவதற்கு ஒரு சாலை, மேலே குறைந்துகொண்டே வரும் ஒரு கடிகாரம், அவ்வளவுதான். மற்ற கார்கள் போட்டியாளர்கள் இல்லை, போக்குவரத்து. அதை வடிவமைத்த யூ சுசுகியே அதைப் பந்தய ஆட்டம் என்று சொல்லவில்லை, கார் ஓட்டும் ஆட்டம் என்றுதான் சொன்னார். செக்பாயிண்டைத் தொட்டால் நேரம் கூடும். தொடாவிட்டால் நேரம் தீர்ந்து கார் மெல்ல நின்றுவிடும். தோற்றால் ஏன் தோற்றோம் என்பது நமக்குத் தெரியும்: அந்த லாரியை இடதுபக்கமாகச் சுற்றியிருக்க வேண்டும், அந்த வளைவில் காலைக் கொஞ்சம் எடுத்திருக்க வேண்டும்.

கடினத்தைக்கூட நம் கையிலேயே கொடுத்திருக்கிறார்கள். ஒவ்வொரு கட்டத்தின் முடிவிலும் சாலை இரண்டாகப் பிரியும். பொதுவாக இடதுபக்கம் சுலபம், வலதுபக்கம் கஷ்டம். மொத்தம் 15 பகுதிகள், ஐந்து முடிவுகள். ஒரு ஓட்டத்தில் ஐந்து பகுதிகளைத்தான் பார்க்க முடியும். எனக்கு எவ்வளவு சவால் வேண்டும் என்பதை ஸ்டியரிங்கைத் திருப்பி நானே சொல்கிறேன். முதல் சுற்றில் என்னை ஒளிந்திருந்து எடைபோடும் வேலை எதற்கு?

பலகைமருத்துவர்

பழைய ஆர்கேடு மெஷின்களின் சர்க்யூட் போர்டுகளைப் பழுது பார்ப்பவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். 'நேர்மையான ஆட்டம்' என்று நீங்கள் சொல்லும் அவுட் ரன்னிலும் நேரம் எவ்வளவு கிடைக்கும், போக்குவரத்து எவ்வளவு நெருக்கடியாக இருக்கும் என்பதெல்லாம் போர்டில் இருக்கும் டிப் ஸ்விட்சுகள் என்ற குட்டி ஸ்விட்சுகளைப் பொறுத்தது. மெஷினின் சொந்தக்காரர் பின்கதவைத் திறந்து, விரல்நகத்தால் ஒரு ஸ்விட்சைத் தள்ளினால் அதே சாலை இன்னொரு சாலை. ஆடுபவருக்கு ஒன்றும் தெரியாது. ஆக, ரகசியக் கை எல்லா மெஷினிலும் உண்டு. சிலவற்றில் அது நிரலுக்குள் இருக்கும், சிலவற்றில் சாவி வைத்திருப்பவரிடம் இருக்கும்.

சில நேரம் அந்தக் கை தற்செயலாகவும் முளைத்திருக்கிறது. 1978இன் ஸ்பேஸ் இன்வேடர்ஸில் வேற்றுக்கிரகவாசிகள் குறையக் குறைய வேகமாக நகர்வார்கள் இல்லையா? ஒரு ஃபிரேமுக்கு, அதாவது திரையில் படம் ஒருமுறை மாறுவதற்கு, ஓர் உருவம் என்ற கணக்கில்தான் அந்த ஆட்டம் அவர்களை நகர்த்துகிறது. 55 பேர் இருக்கும்போது கூட்டம் முழுவதும் ஓர் அடி வைக்க 55 ஃபிரேம் ஆகும். ஒருவர் மட்டும் மிச்சம் என்றால் ஒவ்வொரு ஃபிரேமிலும் அவர் ஓர் அடி வைப்பார். ஆட்டத்தை உருவாக்கிய நிஷிகாடோ அதைச் சரிசெய்யாமல் அப்படியே விட்டுவிட்டார். நம் பக்கம் வெற்றி நெருங்க நெருங்க எதிரிக்கு வலு கூடுகிறது. நீங்கள் பேசும், இடைவெளி கூடாமல் இழுத்துப் பிடிக்கும் அந்தக் கணக்கை 'ரப்பர் பேண்டு' என்பார்கள், அதற்கு இதுதான் தாத்தா.

மூன்றுபட்டன்

எல்லோரும் மெஷின் நம்மை ஏமாற்றியதையே பேசுகிறீர்கள். நாம் மெஷினை ஏமாற்றியதை யார் பேசுவது?

கொனாமியின் டிராக் அண்ட் ஃபீல்ட், 1983. ஓட இரண்டு பட்டன், தாவ ஒன்று. ஜாய்ஸ்டிக் கிடையாது. இரண்டு பட்டன்களையும் எவ்வளவு வேகமாக மாற்றி மாற்றி அடிக்கிறோமோ அவ்வளவு வேகமாக ஆள் ஓடுவான். யாருக்கும் உதவி இல்லை, யாருக்கும் தடை இல்லை. உலகத்திலேயே நேர்மையான விளையாட்டு என்று சொல்லலாம். நம் ஆட்கள் என்ன செய்தார்கள்? இரும்பு ஸ்கேலை மேசை விளிம்பில் வைத்து அதிர விடுவதுபோல் பட்டன் மேல் வைத்துத் தட்டினார்கள். பென்சிலை விரல்களுக்கு நடுவே செருகி ஊசலாட்டினார்கள். நூறு மீட்டரில் மனித விரலால் எட்ட முடியாத நேரம் வந்தது, பட்டனும் போயிற்று.

உதவியே இல்லாத ஆட்டத்தில் ஆள் வெளியிலிருந்து உதவியைக் கொண்டுவருகிறான். இதற்கு என்ன சொல்கிறீர்கள் இரவுஓட்டி?

அப்புறம் ஈட்டி எறிதலில் ஈட்டியைச் செங்குத்தாக, திரைக்கு மேலே போகும்படி எறிந்தால் ஒரு பறவை குத்துப்பட்டு விழும், போனஸ் புள்ளி கிடைக்கும். தலைப்புக்குச் சம்பந்தமில்லை. ஆனால் இந்த ஆட்டத்தைப் பற்றி எழுதிவிட்டு அதைச் சொல்லாமல் போக முடியாது.

இரவுஓட்டி

மூன்றுபட்டன்: ஸ்கேல் வைத்தவனை எல்லோரும் பார்க்கிறார்கள். பக்கத்தில் நிற்பவன் "கையால் அடி" என்று சொல்வான். என் பிரச்சினை உதவி இருப்பதில் இல்லை, அது மறைந்திருப்பதில்.

அவுட் ரன்னிலும் தந்திரம் உண்டு. அதில் லோ, ஹை என்று இரண்டே கியர். சரியான நேரத்தில் ஹையிலிருந்து லோவுக்கும் மறுபடி ஹைக்கும் சட்டென்று மாற்றினால், சாலையை விட்டு மணலில் இறங்கினாலும் வேகம் குறையாது. சுசுகியின் குழு அதைத் திட்டமிட்டு வைத்ததாகத் தெரியவில்லை, ஆடியவர்கள் கண்டுபிடித்தது. முழு வேகத்தில் புல்வெளியில் ஓட்டிக்கொண்டு போவார்கள், பார்க்கவே அபத்தமாக இருக்கும். ஆனால் அது கற்றுக்கொள்ளக்கூடிய ஒன்று. நானும் கற்றுக்கொள்ளலாம், நீங்களும் கற்றுக்கொள்ளலாம். என்பிஏ ஜாமில் என் பந்து ஏன் விழவில்லை என்பதிலிருந்து நான் எதைக் கற்றுக்கொள்வது?

சோனிக்பூம்

மறைந்திருப்பதுதான் பிரச்சினை என்றால் சண்டை ஆட்டங்களை ஏன் விட்டுவிட்டீர்கள்? 1991இன் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2இல் கைல் பாத்திரத்தை நாம் எடுத்தால், சோனிக் பூம் போட ஜாய்ஸ்டிக்கைப் பின்னால் சற்று நேரம் பிடித்திருந்துதான் முன்னால் தள்ள வேண்டும். ஃபிளாஷ் கிக்குக்கு, கீழே பிடித்திருந்து மேலே தள்ள வேண்டும். அதாவது அந்தத் தாக்குதல்களுக்கு விலை உண்டு: முன்னேறிக்கொண்டே போட முடியாது. அதே கைலைக் கணினி ஆடும்போது, நம்மை நோக்கி நடந்து வந்தபடியே ஃபிளாஷ் கிக் அடிப்பான். அவன் எந்த ஜாய்ஸ்டிக்கையும் பிடிக்கவில்லை, நேராகக் கட்டளை போகிறது.

மார்ட்டல் காம்பட் 2 இன்னும் மோசம். நம் பட்டன் அழுத்தத்தைப் படித்து, அதற்கான பதிலை வைத்திருக்கும். தூரத்திலிருந்து எதையாவது எறிந்தால் அந்தக் கணமே தாவிவிடும்.

இவையெல்லாம் தோற்பவருக்கு உதவும் வகை இல்லை. ஜெயிப்பவரை நிறுத்தி இன்னொரு காசு கேட்கும் வகை. நான்காம்கியர் இரண்டையும் ஒரே தட்டில் வைக்கிறார் என்று தோன்றுகிறது.

நான்காம்கியர்

இல்லை, நல்ல பிரிவு அது. ஒத்துக்கொள்கிறேன். மெஷினே எதிரியாக உட்கார்ந்துகொண்டு விதியை மீறினால் அது வேறு. இரண்டு மனிதர்களுக்கு நடுவே மெஷின் நடுவராக நின்றுகொண்டு, ஆட்டம் சூடு ஆறாமல் பார்த்துக்கொள்வது வேறு. நான் வக்காலத்து வாங்குவது இரண்டாவதற்கு.

இரவுஓட்டி கேட்டதற்கு என் பதில்: என்பிஏ ஜாமில் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது. உதவி உண்டு என்று தெரிந்தவர்கள் ஆடும் விதமே மாறிவிடும். ஒரே ஆள் தொடர்ந்து மூன்று கூடை போட்டால் அவனுக்குத் தீப்பிடிக்கும், பிறகு எங்கிருந்து எறிந்தாலும் விழும், வேகம் கூட்டும் டர்போவும் தீராது. அந்தத் தீயை முன்னிலையில் இருக்கும்போது பிடிப்பதைவிட, பின்தங்கியிருக்கும்போது பிடித்துக் கடைசி நிமிடத்துக்குக் கொண்டுபோவது பலமடங்கு பயன். பெரிய வித்தியாசம் வைத்திருப்பவர் தூரத்திலிருந்து எறியாமல் உள்ளே போய் வளையத்திலேயே பந்தைத் திணித்து டங்க் அடிக்க வேண்டும், பந்தைப் பறிக்க ஆளைத் தள்ளிவிட வேண்டும். அதில் ஃபவுலே கிடையாது என்பதை மறந்துவிடாதீர்கள்.

ரேங்க்குறை

என் ஆட்டத்தைப் பற்றி யாராவது பேசுவார்கள் என்று காத்திருந்தேன். நடக்கவில்லை, நானே வந்துவிட்டேன்.

பேட்டில் கரேகா, 1996, ரைசிங் நிறுவனம். மேலிருந்து கீழ்நோக்கிப் பார்க்கும் விமான ஆட்டம், நிரல் எழுதியவர் ஷினோபு யகாவா. உள்ளே ரேங்க் என்று ஒரு எண் ஓடிக்கொண்டே இருக்கும், திரையில் தெரியாது. நீங்கள் சுட்டால் ஏறும். ஆயுதம் எடுத்தால் ஏறும். ஏற ஏற எதிரிகளின் குண்டுகள் வேகமாகும், அடர்த்தியாகும். குறைய ஒரே பெரிய வழி: சாவது. ஆகவே நன்றாக ஆடுபவர்கள் தேவையில்லாமல் சுட மாட்டார்கள், கண்ணில் படும் ஆயுதத்தையெல்லாம் பொறுக்க மாட்டார்கள், சரியான இடம் பார்த்து வேண்டுமென்றே ஒரு உயிரை விடுவார்கள். புள்ளி சேர்த்து அடுத்த உயிரை வாங்கி, அதையும் விடுவார்கள்.

முதல்முறை ஆடுபவர், எல்லா ஆயுதத்தையும் வாரிக்கொண்டு விடாமல் சுட்டுவிட்டு, "இதை மனிதர்கள் ஆட முடியாது" என்று எழுந்து போவார். ரகசியம் தெரிந்தவருக்கு அது ஒரு கணக்குப் புத்தகத்தை நிர்வகிக்கும் ஆட்டம்.

இங்கே கேள்வி மாறுகிறது. மறைந்திருக்கும் விதி மோசமா? ஆண்டுக்கணக்காக ஆட்கள் உட்கார்ந்து தோண்டிக் கண்டுபிடிக்கும் அளவுக்கு அது உறுதியான விதியாக இருந்தால் அது மோசமில்லை. ஒரே உள்ளீட்டுக்கு ஒரே பதில் வருகிறது. ஸ்டிக்கைப் பிடிக்காமல் உதைக்கும் கைலிடம் தோண்ட ஒன்றுமில்லை.

இரவுஓட்டி

இது எனக்குப் பிடித்த பதில். கரேகாவை ஒருநாளும் ஆடமாட்டேன், ஆனால் பதில் பிடித்திருக்கிறது.

தாமதமாய்வந்தவன்

வணக்கம். நான் இந்த ஆட்டங்களையெல்லாம் பழைய மெஷினைக் கணினியில் போலச்செய்யும் எமுலேட்டரிலும் புதிய தொகுப்புகளிலும் மட்டும்தான் ஆடியிருக்கிறேன். அசல் கேபினெட்டில், அதாவது ஆர்கேடு மெஷினில், கை வைத்ததே இல்லை. ஃபைனல் ஃபைட், கேடிலாக்ஸ் அண்ட் டைனோசார்ஸ் எல்லாம் ஒரே உட்காரலில் முடித்துவிட்டேன், செத்தால் காசு பட்டனை அழுத்துவேன். எல்லோரும் புகழும் அளவுக்கு என்ன இருக்கிறது என்று புரியவில்லை. கடைசியில் ஒரே சலிப்பு. நான் எதையாவது தவறவிடுகிறேனா?

பலகைமருத்துவர்

காசைத் தவறவிடுகிறீர்கள். அந்த ஆட்டங்களில் காசும் ஓர் உறுப்பு, பட்டன் மாதிரி. அது தீராமல் வந்துகொண்டிருந்தால், அதைச் சுற்றிக் கட்டிய மற்றதெல்லாம் தொளதொளத்துப் போகும்.

1985இன் காண்ட்லெட்டைப் பாருங்கள். நான்கு பேர் சேர்ந்து ஆடலாம். உயிர் என்று தனியாக இல்லை, ஆரோக்கியம் என்று ஓர் எண். அது சும்மா நின்றாலும் குறைந்துகொண்டே இருக்கும். காசு போட்டால் ஏறும். அதாவது காசும் நேரமும் உயிரும் ஒரே எண்ணாகிவிட்டது. வழியில் கிடக்கும் சாப்பாட்டை யார் எடுப்பது என்று நான்கு பேரும் சண்டை போடுவதற்குக் காரணமே அந்த எண்தான். அம்பு எறிந்து சாப்பாட்டை வீணாக்கியவனை மெஷினே குரல் கொடுத்துத் திட்டும். தீராத காசோடு ஆடினால் சாப்பாட்டுக்கு யார் சண்டை போடப் போகிறார்கள்?

ஒரு காசு. முடிந்தால் முதலிலிருந்து. அப்படி ஆடிப் பாருங்கள்.

எமுலேட்டர்காரர்களுக்கு ஒரு கூடுதல் குறிப்பு: மார்ட்டல் காம்பட் போர்டுகள் வினாடிக்கு 60 ஃபிரேம் ஓடுவதில்லை, சுமார் 54.7. உங்கள் 60 ஹெர்ட்ஸ் திரையோடு கட்டாயமாகப் பொருந்த வைத்தால் ஆட்டமே பத்தில் ஒரு பங்கு வேகமாக ஓடும். பிறகு மெஷின் ஏமாற்றுகிறது என்று இங்கே வந்து எழுதாதீர்கள்.

மூன்றுபட்டன்

காசு பற்றிப் பேச்சு வந்ததால் சூப்பர் ஆஃப் ரோட்டைச் சொல்லியாக வேண்டும். 1989. ஒரே கேபினெட்டில் மூன்று ஸ்டியரிங். திரை முழுவதும் ஒரு சேற்றுத் தடம், நான்கு குட்டி டிரக்குகள். நான்காவது, சாம்பல் நிற டிரக், எப்போதும் கணினியுடையது. பந்தயத்தில் ஜெயித்த பரிசுப் பணத்தில் டயர், ஷாக் அப்சார்பர், வேகம், சட்டென்று பாய வைக்கும் நைட்ரோ வாங்கலாம். போதவில்லையா? நிஜக் காசைப் போட்டால் ஆட்டத்துப் பணம் கிடைக்கும், அதில் நைட்ரோ வாங்கலாம்.

இன்றைக்கு ஃபோன் ஆட்டங்களில் இதைச் செய்தால் எல்லோரும் திட்டுகிறோம். அன்றைக்கு மூன்று பேரும் சிரித்துக்கொண்டே செய்தார்கள்.

சோனிக்பூம்

சிரித்தது மூன்று பேரும் பக்கத்தில் நின்றதால். யார் காசு போட்டார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். அவனை இடித்துச் சுவரில் ஏற்றுவது மற்ற இரண்டு பேரின் கடமை.

நான்காம்கியர்

அதேதான். டேடோனாவையும் அப்படித்தான் பார்க்க வேண்டும். எட்டு கேபினெட் வரை இணைத்து ஆடக் கட்டிய ஆட்டம் அது. தனியாக ஆடும்போது முதல் சுற்றில் எடைபோடுவது, ஆளில்லாத நேரத்தில் அந்த ஏழு பேரின் இடத்தை நிரப்பத்தான். புதியவர் 40 கார்களின் கூட்டத்துக்குள் மாட்டிக்கொண்டாலும் சில கார்களையாவது முந்துவார். தேர்ந்தவருக்கு முன்னால் போகும் கார் லேசில் பிடிபடாது.

இரவுஓட்டி

டேடோனாவைப் பொறுத்தவரை கடிகாரத்தையும் எடைபோடுதலையும் ஒன்றாக வைத்ததுதான் எனக்கு உறுத்தல். சேகா ராலியைப் பாருங்கள், 1995, கிட்டத்தட்ட அதே தலைமுறை போர்டு. பாலைவனத் தடத்தில் 15ஆவது இடத்தில் தொடங்குகிறோம். அந்த ஒரு தடத்திலேயே முதலிடம் பிடிப்பது நடக்காத காரியம். பிடித்த இடம் அடுத்த காட்டுத் தடத்துக்கும், அதிலிருந்து மலைத் தடத்துக்கும் தொடரும். ஒரு வளைவில் விட்ட நேரத்தை மூன்றாவது தடத்தில்தான் கட்ட வேண்டியிருக்கும். யாரும் நமக்காக வேகத்தைக் குறைத்துக் காத்திருப்பதுபோல் ஓட்டத்தில் தெரியாது.

அதைவிட முக்கியம், மண்ணும் தாரும் கையில் வேறு வேறாகத் தெரியும். சரளையிலிருந்து தாருக்கு ஏறும் அந்த நொடியில் ஸ்டியரிங் இறுகும். அதுவரை சறுக்கவிட்டு ஓட்டியவர் அந்த இடத்தில் நேராக்காவிட்டால் சுவர்தான். சேகா ராலியை உருவாக்கிய மிசுகுச்சியின் குழு தடைகளை மண்ணில் வைத்தது, எதிரிகளின் தலைக்குள் வைக்கவில்லை.

ரேங்க்குறை

நான்காம்கியருக்கு ஒரு கேள்வி. என்பிஏ ஜாமில் சிகாகோ புல்ஸ் அணி கடைசி நொடியில் எறிவது பற்றித் தெரியும்தானே? நடுவர் என்று சொன்னீர்களே.

நான்காம்கியர்

தெரியும். கேட்பீர்கள் என்று எதிர்பார்த்தேன்.

தெரியாதவர்களுக்கு: ஆட்டத்தை வடிவமைத்த மார்க் டர்மெல் டெட்ராய்ட் பிஸ்டன்ஸ் ரசிகர். பிஸ்டன்ஸும் புல்ஸும் மோதி, ஆட்டம் நெருக்கமாக இருந்து, கடைசி நொடியில் புல்ஸ் ஆள் எறிந்தால் பந்து விழாமல் போகும்படி தனி நிரலே எழுதி வைத்தார். பல ஆண்டு கழித்து அவரே அதை வெளியே சொல்லிவிட்டார். அந்தக் காலத்தில் புல்ஸ் ரசிகர்கள் எத்தனை பேர் பட்டனைக் குறை சொல்லியிருப்பார்களோ.

இதற்கு வக்காலத்து இல்லை. பின்தங்கிய யாருக்கும் கிடைக்கும் உதவி வேறு, அணியின் பெயர் பார்த்துக் கொடுக்கும் உதவி வேறு. ஆனால் சிரிப்பு வருவதை நிறுத்தவும் முடியவில்லை.

இரவுஓட்டி

நடுவரே சட்டையைக் கழற்றி உள்ளே பிஸ்டன்ஸ் பனியனைக் காட்டிவிட்டார். என் வாதம் முடிந்தது.

சோனிக்பூம்

எனக்குத் தெரிந்து இங்கே யாரும் கட்சி மாறவில்லை. கன்சோல் பதிப்பு வைத்திருப்பவர்கள் உதவியை நிறுத்திவிட்டு ஒரு பத்து ஆட்டம், வைத்துக்கொண்டு ஒரு பத்து ஆட்டம் ஆடிப் பார்க்கலாமே. இரண்டு பேரும் கிட்டத்தட்ட ஒரே திறமையாக இருந்தால் வித்தியாசமே தெரியாது என்பது என் ஊகம். ஒருவர் தேர்ந்தவர், ஒருவர் புதியவர் என்றால் தெரியும்.

தாமதமாய்வந்தவன்

பலகைமருத்துவர் சொன்னபடி ஃபைனல் ஃபைட்டை ஒரே காசில் ஆடினேன். இரண்டாவது கட்டத்தின் பாதியைத் தாண்டவில்லை. எதிரிகள் இருபக்கமும் வந்து சூழும்போது நடுவில் நிற்கக் கூடாது, ஒரு பக்கமாகத் தள்ளிக்கொண்டு போக வேண்டும் என்பதே இப்போதுதான் உறைக்கிறது. இதற்கு முன்னால் முழு ஆட்டத்தையும் முடித்தபோது அது தேவைப்படவே இல்லை.

அடுத்து டேடோனா. ஆட்டோமேட்டிக்கில் ஆரம்பிக்கலாமா, மானுவலா?

நான்காம்கியர்

மானுவல், முதல் நாளிலிருந்தே. நான்கு கியர்தான். தொடக்கநிலைத் தடத்தில், வேகம் குறைக்க வேண்டிய அந்தப் பெரிய வளைவுக்கு முன்னால் நான்கிலிருந்து மூன்றோ இரண்டோ இறக்குங்கள். பின்சக்கரம் பிடி விட்டுச் சறுக்கும். உடனே ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் லேசாகத் திருப்பி, கார் நேரானதும் மறுபடி நான்குக்கு ஏற்றுங்கள். பிரேக்கைத் தொட வேண்டாம். வெறும் கீபோர்டில் ஆடுகிறீர்கள் என்றால் சறுக்கல் அதிகமாகிவிடும், அனலாக் ஸ்டிக்காவது இருந்தால் நல்லது.

இரவுஓட்டி

அந்தத் தடத்தில் ஒரு ஸ்லாட் மெஷின் தொங்கும். அதன் அடியில் போகும்போது ஸ்டார்ட் பட்டனைத் தட்டி மூன்று ஏழையும் நிறுத்தினால் ஏழு வினாடி கூடுதலாகக் கிடைக்கும். மறைந்திருக்கும் உதவியில் எனக்குப் பிடித்தது அது ஒன்றுதான்.